எட்டு மீட்டர் குறைவு

ஐந்து கண்டங்களில் மலை ஏறிவிட்டு ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் திரும்பி வந்தவர், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சாதாரணப் பாறையில், டிவி கேமராவுக்கு முன்னால், ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். ஊரே அவரைச் 'சிகரம்' என்றுதான் கூப்பிடும். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் 'சிகரம் சரிந்தது' என்று ஒரே தலைப்பைப் போட்டன. யோசிக்கிற சிரமம் மிச்சம்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவருடைய மனைவியின் முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் பல் டாக்டர். கிளினிக்கில் இருந்தது ஒரு உருளும் ஸ்டூலும், நோயாளி படுக்கும் நாற்காலியும்தான். ஸ்டூலில் மேடம் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தில் நான் படுத்திருந்தேன். தலைக்கு மேல் பெரிய விளக்கு வேறு.

மேடம் என்பது என் முதலாளி. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்து அலுத்துப்போய், இப்போது சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். அந்த நிறுவனத்தில் அவரைத் தவிர மீதி எல்லாமே நான்தான். என்னை 'வாயாடி' என்று கூப்பிடுவார். விசிட்டிங் கார்டிலும் அப்படியே அச்சடித்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர பயம்.

"சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும்," என்றார் டாக்டர். "நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் என் தம்பியை அரெஸ்ட் பண்றார். என் புருஷனைக் கொல்லப் பாத்தான்னு கேஸ்."

"தம்பி பண்ணலைன்னு நம்பறீங்க," என்றார் மேடம்.

"நம்பறேன்னு சொல்லல. தெரியணும்னு சொல்றேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் என்கிட்ட பொய் சொல்றாங்க. யாருன்னு தெரியாம ரெண்டு பேருக்கும் நான்தான் சோறு கட்டி அனுப்பறேன்."

"விழுந்தவர் எதுக்கு டாக்டர் பொய் சொல்லணும்?" என்று கேட்டேன், படுத்தபடியே.

"மூணு நாளா என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கறார். தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கறேன் டாக்டர்னு சொல்ற பேஷண்டை எல்லாம் வருஷக்கணக்கா பாத்துட்டு வர்றேன். அந்த முழி எனக்குத் தெரியும்." அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்குக் கீழ்வரிசையில ரெண்டு சொத்தை இருக்கு."

நான் வாயை மூடிக்கொண்டேன். மேடம் சந்தோஷமாகக் கேஸை எடுத்துக்கொண்டார்.

டாக்டரின் தம்பி, அதாவது சிகரத்தின் மைத்துனர், மலையேற்றப் பயிற்சிக் கூடம் நடத்துகிறார். பழைய கிடங்கு ஒன்றின் சுவர்கள் முழுக்கக் கலர் கலராகப் பிடிகள், காற்றில் கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக்பீஸ் பொடி, எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு வியர்த்த ஷூக்களின் நாற்றம். மேடத்துக்கு உயரம் ஆகாது. பரணில் இருக்கும் பைலை எடுக்கக்கூட என்னைத்தான் ஏவுவார். அதனால் அன்றைய விசாரணை முழுவதையும் தரையைப் பார்த்தே நடத்தினார். பார்ப்பவர்களுக்கு ஏதோ தடயம் தேடுகிறார் என்று மரியாதையாக இருந்திருக்கும்.

ஒரு சுவரில் மட்டும் படங்கள். பாலைவனத்தில் தனியாக நிற்கும் செம்பாறை, கடலுக்கு மேல் செங்குத்தான கருங்கல், எரிமலை விளிம்பு, பனி. எல்லாவற்றிலும் சிகரம் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இதுல நீங்க எங்க?" என்றேன்.

"நான்தான் எடுத்தேன்," என்றார் மைத்துனர். நாற்பது வயது, ஒல்லி, நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பொடி. "அந்தக் கடைசிப் பனிமலையில நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். ஒரே கயிறு. அந்த முனையில அத்தான், இந்த முனையில நான். உச்சிக்கு நாப்பது அடி இருக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கிருச்சு, பனியிலேயே உக்காந்துட்டாரு. நான் முன்னால போய் மேல நின்னு கயிறை இழுத்துப் பிடிச்சேன். பின்னாலயே வந்து சேர்ந்தாரு. கட்டிப் பிடிச்சு அழுதாரு."

"புஸ்தகத்துல எப்படி எழுதியிருக்கார்?" என்றார் மேடம் தரையிடம்.

"'உச்சியில் முதல் காலடி என்னுடையது.' நான் ஒரு வரியில வர்றேன். 'என் மைத்துனரும் வந்திருந்தார்.'"

"கல்யாணத்துக்கு வந்த மாதிரி," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "போன மாசம் இங்கேயே சண்டை போட்டேன். முப்பது பேர் பாத்தாங்க. 'ஒரு நாள் இல்ல ஒரு நாள் விழுவீங்க அத்தான்'னு கத்திட்டேன். அதைத்தான் இன்ஸ்பெக்டர் எழுதி வச்சிருக்கார்."

"சரி, அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அவர் ஒரு கயிற்றைத் தரையில் பரப்பிக் காட்டினார். மேடத்துக்கு வசதியாகப் போயிற்று. "கயிறு அறுபது மீட்டர். நடுவுல, முப்பதாவது மீட்டர்ல, கறுப்பு மையில ஒரு அடையாளம் இருக்கும். பாறை இருபத்தெட்டு மீட்டர். கயிறு மேல போய் வளையத்துல நுழைஞ்சு திரும்பிக் கீழ வரணும், அம்பத்தாறு போதும். அவர் ஏறினாரு, நான் கீழ நின்னு கயிறை விட்டுட்டே வந்தேன். உச்சிக்குப் போயிட்டாரு. நடு அடையாளம் இன்னும் என் கைக்கே வரல. அப்படின்னா பாதிக்கு மேல கயிறு என்கிட்ட இருக்குன்னு அர்த்தம். நம்பி இறக்கினேன். தரைக்கு நாலு மீட்டர் இருக்கும்போது என் கையில கயிறு தீந்து போச்சு."

தீர்ந்துபோன கயிறு இன்னும் அவர் உள்ளங்கையில் ஓடுவதுபோல விரல்களை மடக்கினார்.

"கீழ் முனையில ஒரு முடிச்சு போட்டிருந்தா நின்னிருக்குமே?" என்றார் மேடம்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதான் எங்க வழக்கம் மேடம். ஏறறதுக்கு முன்னாடி ஒருத்தர் முடிச்சை இன்னொருத்தர் தொட்டுப் பாக்கணும். கயிறோட ரெண்டு முனையையும் பாக்கணும். யாரா இருந்தாலும் சரி. அன்னிக்கு அத்தான், 'எல்லாம் நான் பாத்தாச்சு, நீ கேமராவை மறைக்காதே'ன்னாரு. முன்பின் தெரியாத ஆளா இருந்தா விட்டிருக்க மாட்டேன். அக்கா புருஷனைப் போய் எப்படி மேடம் செக் பண்றது?"

"அந்தக் கயிறு எங்க இருந்துச்சு?"

"ஸ்டோர் ரூம்ல. புதுக் கயிறு இருக்கு, அதை எடுக்கலாம்னு சொன்னேன். பனிமலைக்குப் போன கயிறுதான் படத்துல வரணும்னாரு. ரூமுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவர்கிட்ட. அவர் அந்தப் பக்கமே வர்றதில்லன்னு போலீஸ்ல சொல்லியிருக்கார்."

"ரெண்டு முனைக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?"

"பச்சை டேப் சுத்தினது அவர் முனை. மஞ்சள் டேப் என்னோடது. எல்லா மலையிலயும் அப்படித்தான்."

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எங்களை அன்பாக வரவேற்றார். கேஸ் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் எல்லோருமே அன்பானவர்கள்தான். சிவப்புக் கயிறு அவர் மேஜையில் சுருண்டு கிடந்தது. மேடம் அதை வராந்தா முழுக்க நீட்டச் சொன்னார். நான் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு கைதிகளுக்கு முன்னால் மண்டியிட்டுத் தவழ்ந்தேன். என்ன கேஸில் உள்ளே வந்தாய் என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

கறுப்பு அடையாளத்திலிருந்து பச்சை டேப் முனை வரை முப்பது மீட்டர். மறுபக்கம் இருபத்திரண்டு. மஞ்சள் டேப்பைக் காணவில்லை. அந்த முனை வெட்டப்பட்டு, நெருப்பில் உருகி, மொழுமொழுவென்று இருந்தது.

"எட்டு மீட்டரை வெட்டி எடுத்திருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். "வெட்டின இடத்தை நெருப்புல வேற காட்டியிருக்கான், பிசிறு வராம இருக்க. தொழில் தெரிஞ்சவன் வேலை."

"ஆளைக் கொல்றதுக்கு வெட்டறவன், கயிறு பிசிறு தட்டிடக் கூடாதேன்னு கவலைப்படுவானா சார்?"

"பழக்கம் விடாது மேடம்."

"வெட்டின எட்டு மீட்டர் எங்க?"

"எரிச்சிருப்பான்."

நான் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தபோதுதான் அதைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரின் நாற்காலிக்கு நேர் மேலே, சுவரில், கண்ணாடி போட்ட ஃப்ரேம். உள்ளே வெல்வெட் துணி. துணியின் மேல் ஒரு சிவப்புக் கயிற்றுத் துண்டு. கீழே தங்க எழுத்து: 'உச்சியை முதலில் தொட்ட முனையிலிருந்து, அன்புடன்.' அதற்கும் கீழே, துண்டைவிட நீளமாக, சிகரத்தின் கையெழுத்து.

"சார், உங்க தலைக்கு மேல ஏதோ தொங்குது," என்றேன்.

இன்ஸ்பெக்டர் பூரித்துப் போனார். "எங்க விளையாட்டு விழாவுக்கு வந்தப்போ அவர் கையால குடுத்தது! கமிஷனருக்கும் ஒண்ணு குடுத்தார். பெரிய மனுஷங்களுக்கு மட்டும்தான் குடுப்பார்."

மேடம் மூலையில் கிடந்த ஸ்டூலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏறி அளந்தேன். நாற்பது சென்டிமீட்டர். துண்டின் இரண்டு முனைகளும் நெருப்பில் காட்டி மொழுமொழுவென்று இருந்தன. ஃப்ரேமின் முதுகில் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"மூணரைக்கு ஆஸ்பத்திரியில அவர்கிட்ட ஸ்டேட்மெண்ட் வாங்கப் போறீங்கல்ல?" என்றார் மேடம். "இதையும் எடுத்துட்டு வாங்க சார். அவருக்கு ஆறுதலா இருக்கும்."

"நல்ல யோசனை," என்றார் அந்த நல்ல மனிதர்.

ஃப்ரேம் கடை ஒரு ஆள் நுழைகிற அகலம்தான். கடைக்காரர் கண்ணாடியை வெட்டிக்கொண்டே பேசினார். வெட்டுவதைவிடப் பேச்சு வேகம். "கயிறு ஃப்ரேமா? நம்ம வேலைதான். ரெண்டு வருஷமா பண்றேன். விழா இருந்தா ஒண்ணு, ரெண்டுன்னு கொண்டு வருவார். வீட்டுலயே மெழுகுவத்தியில முனையைச் சுட்டுட்டு வந்துடுவார். அளவு மட்டும் மாறவே மாறாது, நாப்பது. ரொம்ப ஒழுங்கான மனுஷன்."

"முதல் துண்டு ஞாபகம் இருக்கா?" என்றார் மேடம்.

"இருக்காதா? அதுல மஞ்சள் டேப் ஒண்ணு சுத்தியிருந்துச்சு. வெல்வெட்டுக்கு எடுப்பா இல்லைன்னேன். உரிச்சுப் போட்டுட்டார்."

"இதுவரைக்கும் எத்தனை ஃப்ரேம்?"

அவர் சாக்பீஸால் கதவின் உள்பக்கத்தில் போட்டிருந்த கோடுகளை எண்ணினார். "இருபது."

இருபதை நாற்பதால் பெருக்க எனக்கே கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி அறையில் சிகரம் படுத்திருந்தார். உடைந்த கால் அந்தரத்தில் நின்றது. அதை ஒரு கயிறு கப்பி வழியாக இழுத்துப் பிடித்திருந்தது, கயிற்றின் மறுமுனையில் எடைக்கல். கட்டில் பக்கத்தில் அவர் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே வராந்தாவில் மைத்துனரும் அவருக்குக் காவலாக ஒரு கான்ஸ்டபிளும். சுவர்க் கடிகாரம் சத்தமாக ஓடியது.

"அவன் எனக்குத் தம்பி மாதிரி," என்றார் சிகரம். மேடையில் பேசிப் பழகிய குரல். "மனசு வலிக்குது. ஆனா சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். மேடம் அவர் மடியிலிருந்த ஃப்ரேமை எடுத்துச் சிகரத்தின் வயிற்றின் மேல் வைத்தார்.

"இது எந்தக் கயிறு சார்?"

சிகரம் ஃப்ரேமைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை. "அது... வேற கயிறு. பழசு ஒண்ணு கிடந்துச்சு."

"வேறயா?" என்றார் இன்ஸ்பெக்டர். "உச்சியைத் தொட்டதுன்னு எழுதியிருக்கே சார்?"

"டூப்ளிகேட் போல," என்றார் மேடம் வருத்தமாக. "கமிஷனர் வீட்டுல இருக்கறதும்தான். மொத்தம் இருபது பெரிய மனுஷங்க. பாவம், வெல்வெட்டாவது அசலான்னு கேக்கணும்."

"கமிஷனர் வீட்டுல ஆணி அடிச்சு மாட்டினதே நான்தான்," என்றார் இன்ஸ்பெக்டர் பலவீனமாக.

சிகரத்தின் தாடி துடித்தது. ஒரு பக்கம் ஜெயிலுக்குப் போகவிருக்கும் மைத்துனர், மறுபக்கம் இருபது வீட்டு வரவேற்பறைகள். மைத்துனருக்காக அவர் பொய்யை விட்டிருக்க மாட்டார் என்று இன்றும் நான் சத்தியம் செய்வேன். வரவேற்பறைகளை அவரால் தாங்க முடியவில்லை.

"யாரைப் பாத்து டூப்ளிகேட்ங்கறீங்க?" என்று கத்தினார். எடைக்கல் ஆடியது. "அசல்! இருபதும் அசல்! பனிமலை உச்சியைத் தொட்ட கயிறு! என் கையால வெட்டினது!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகப் பேனாவை மூடினார்.

"அப்போ அந்த எட்டு மீட்டர்..."

"எட்டு மீட்டரா நான் எங்க வெட்டினேன்?" சிகரத்தின் குரல் இறங்கிவிட்டது. "நாப்பது நாப்பது சென்டிமீட்டரா வெட்டினேன். இவ்வளவு பெரிய கயிறுல ஒரு முழம் போனா என்னன்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைச்சேன். கீழ விழுந்து கிடக்கும்போதுதான் கூட்டிப் பாத்தேன்."

"கூட்டிப் பாத்துட்டு என் தம்பியைக் காட்டிக் குடுத்தீங்க," என்றார் டாக்டர்.

"காட்டிக் குடுக்கல. இவர்தான் அவனா இருக்குமோன்னு கேட்டார். நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்." அவர் கூரையைப் பார்த்துப் பேசினார். "உனக்குப் புரியாது. மலையில விழறது எங்களுக்கு அவமானமே இல்ல. பனிச்சரிவுல போனான், புயல்ல போனான்னா சிலை வைப்பாங்க. தானே வெட்டின கயிறுல, முனையில ஒரு முடிச்சுகூடப் போடாம, டிவி முன்னால விழுந்தான்னா? எத்தனை நாட்டுக்காரன் சிரிப்பான்!"

டாக்டருக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. தம்பி தப்பித்த நிம்மதியா, இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய கோபமா என்று தெரியவில்லை. இரண்டுமே இருந்திருக்கும். மேடம் மட்டும் கிளம்புகிற மாதிரி எழுந்து, கிளம்பாமல் நின்றார்.

"எனக்கு இன்னும் ஒரே ஒரு சந்தேகம் சார். கயிறுக்கு ரெண்டு முனை. பச்சை உங்களோடது, மஞ்சள் உங்க மைத்துனரோடது. ஃப்ரேம்ல 'உச்சியை முதலில் தொட்ட முனை'ன்னு எழுதியிருக்கீங்க. புஸ்தகத்துல முதல்ல தொட்டது நீங்க. அப்படின்னா பச்சையைத்தானே வெட்டியிருக்கணும்?"

சிகரம் வயிற்றின் மேலிருந்த ஃப்ரேமைக் கவிழ்த்து வைத்தார்.

"பச்சையில ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையல. நாங்க அளந்துட்டோம். இருபது தடவையும் மஞ்சள் பக்கமே வெட்டியிருக்கீங்க. ஏன்?"

யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலச் சிகரம் முணுமுணுத்தார். "கையெழுத்துப் போட்டுக் குடுக்கற பொருள். அதைப் பொய்யா குடுக்க மனசு வரல."

முந்நூறு பக்கம் பொய் எழுதியவருக்கு நாற்பது சென்டிமீட்டரில் மனசாட்சி உறுத்தியிருக்கிறது. நான் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் மேடம் விரலை உயர்த்தினார்.

"இன்னொரு கணக்கும் போட்டுப் பாத்தேன் சார். நீங்க பச்சையை வெட்டியிருந்தா, நடு அடையாளம் உங்க பக்கம் நகர்ந்திருக்கும். நீங்க இருபத்திரண்டு மீட்டர் ஏறும்போதே அது உங்க மைத்துனர் கைக்கு வந்திருக்கும். கயிறு பத்தாதுன்னு தெரிஞ்சு நிறுத்தியிருப்பார். புஸ்தகத்துல சொன்ன பொய்யையே ஃப்ரேம்லயும் சொல்லியிருந்தீங்கன்னா, கால் தப்பிச்சிருக்கும்."

சிகரம் கண்களை மூடிக்கொண்டார். அவர் ஏறிய எந்த மலையும் அவரை அந்தக் கோலத்தில் பார்த்திருக்காது.

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். "உள்ள வாடா," என்றார். மைத்துனர் கான்ஸ்டபிளோடு வந்து கட்டில் கால்மாட்டில் நின்றார். அரெஸ்ட் செய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. இரண்டு கைகளையும் சேர்த்தே வைத்திருந்தார்.

"முடிச்சு போடாதது என் தப்பு அக்கா," என்றார். "அதை நான் எங்க வேணா சொல்றேன். வெட்டினது மட்டும் நான் இல்ல."

"தெரியும். உன் அத்தான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். பனிமலை உச்சியில முதல்ல யார் நின்னதுன்னு."

சிகரம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"இப்போ சொல்லப் போறீங்க. இன்ஸ்பெக்டர் எழுதிக்குவார்." டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலைமாட்டு விளக்கைப் புருஷனின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"ம், வாயைத் திறங்க."